கடலோரத்தில் கிரனோலா மொறுமொறுவென்று நிற்குமா?

கேள்வி, குழித்துறையிலிருந்து ஒரு தங்கை
ஜூன் 8, 2024

அக்கா, ஓட்ஸையும் பருப்பையும் இனிப்பில் புரட்டிச் சுடுகிற கிரனோலாவை மூன்று தடவை செய்துவிட்டேன். ஓவனிலிருந்து எடுத்து ஆறும்போது நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் பாட்டிலைத் திறந்தால் நமுத்துப்போய்க் கிடக்கிறது. ஓட்ஸ், தேன், அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு), உலர்திராட்சை, தேங்காய்த் துருவல் எல்லாம் அளந்துதான் போட்டேன். நம்ம ஊர் மழையில் இது நடக்காத காரியமா? கடையில் வாங்குவதுதான் வழியா?

ஜூன் 8, இரவு

நடக்கும். நான் இருப்பதும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிதான். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் கடல் இரைச்சல் கேட்கும். இந்த மாதத்தில் துவைத்த துணி இரண்டு நாள் கொடியில் கிடக்கும், உப்புப் பரணியில் உப்பு கசிந்து நிற்கும். இங்கே நிற்கிற மொறுமொறுப்பு குழித்துறையில் நிற்காமலா போய்விடும்?

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. சாமான்களைப் பாருங்கள். தேன், உலர்திராட்சை, பச்சைத் தேங்காய் மூன்றும் ஈரம் சுமந்து வருகிறவை. துருவிய தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். தேங்காய் வேண்டுமென்றால் கொப்பரையை மெல்லிசாகச் சீவிப் போடுங்கள். அதையும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் போட வேண்டும், இல்லையென்றால் ஓட்ஸ் சிவக்கும் முன்னே தேங்காய் கருகிவிடும்.

தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதில் ஃபிரக்டோஸ் அதிகம், அது ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தேனுக்குப் பதில் கருப்பட்டியையோ வெல்லத்தையோ கடலை மிட்டாய்ப் பதத்துக்குப் பாகு காய்ச்சி ஊற்றுங்கள். நமுக்காது.

ஜூன் 9, காலை

திராட்சையைப் பற்றி நேற்று ஒரு சொல்லோடு விட்டுவிட்டேன். உங்கள் பாட்டிலில் நடந்தது பெரும்பாலும் அதுதான் என்று இரவு படுத்த பிறகு தோன்றியது.

உலர்திராட்சை என்று பெயரே தவிர, நூற்றுக்குப் பதினைந்து பங்காவது அதில் தண்ணீர் இருக்கும். வறுத்த ஓட்ஸில் மூன்று பங்குகூட இருக்காது. இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்தால் ஈரம் இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போகும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பயன் இல்லை, ஈரம் உள்ளேயே இருக்கிறது. காலையில் திராட்சை கல் மாதிரி இருந்ததா என்று சொல்லுங்கள். இருந்திருந்தால் அதன் தண்ணீரைத்தான் ஓட்ஸ் குடித்திருக்கிறது.

திராட்சையைத் தனிப் பாட்டிலில் வையுங்கள். கிண்ணத்தில் போடும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 9, மதியம்

திராட்சை கல் மாதிரிதான் இருந்ததாம். சரி, ஒரு குற்றவாளி பிடிபட்டது.

ஜூன் 10

எந்த ஓட்ஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். ரோல்டு ஓட்ஸ் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், அகலமாக, கொஞ்சம் தடிமனாக, ஒவ்வொரு இதழும் முழுசாக இருக்கும். உடனே வேகிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் பொடியாக இருப்பதால் பாகை உறிஞ்சிக் களியாகிவிடும். உடைத்த ஸ்டீல் கட் ஓட்ஸ் வேண்டாம், பல்லில் குருணை மாதிரி மாட்டும்.

ஜூன் 15

ஜூன் 8 அன்று நான் சொன்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது. கடலை மிட்டாய்ப் பதம் என்று எழுதினேன் அல்லவா, எழுதியதை நானே செய்து பார்க்காமல் விடக்கூடாது என்று நேற்று உட்கார்ந்தேன். இதுவரை நான் செய்து வந்தது கண்ணளவுதான், பாகைக் கவனித்துப் பார்த்ததில்லை.

என் பாட்டா கருங்கல் பக்கம் பனையேறி. காலையில் இறக்கிக் கொண்டுவரும் அக்கானியை, அதாவது பதநீரை, பாட்டிதான் காய்ச்சுவாள். ஓலைச் சருகு போட்டு எரித்து, அது நுரைத்து, நிறம் மாறி, கொழகொழவென்று பொங்கும்போது அகப்பையால் ஒரு சொட்டு எடுத்து, சிரட்டையில் வைத்திருக்கும் தண்ணீரில் விடுவாள். சொட்டு அடியில் போய் உட்காரும். விரலால் அதைத் திரட்டி எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தடவை உருட்டி, சிரட்டையின் விளிம்பில் தட்டிப் பார்ப்பாள். அந்தச் சத்தத்துக்காக நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருப்போம். பதம் தப்பிய சொட்டுகள் எங்களுக்குத்தானே!

நேற்று அதே மாதிரி ஸ்டீல் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு காய்ச்சினேன். முதல் சொட்டு தண்ணீரில் கரைந்து பழுப்பாகப் பரவியது. அடுத்தது சேர்ந்து உட்கார்ந்தது, விரலில் மெழுகு மாதிரி நசுங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டு மூன்றாவது சொட்டை எடுத்து டம்ளரில் தட்டினால் டிக்கென்று சத்தம். பாட்டியின் பதம். எண்ணெய் சேர்த்து ஓட்ஸ் மேல் ஊற்றினேன். ஊற்றிய இடத்திலேயே உறைந்துவிட்டது. நடுவில் ஒரு பாறை, சுற்றிலும் பாகே படாத வெள்ளை ஓட்ஸ். ஓவனில் வைத்தால் இளகும் என்று வைத்தேன், பாறையின் ஓரம் கருகிக் கசந்தது.

காரணம் யோசித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. கடலை மிட்டாய்க்குப் பிறகு சூடு கிடையாது, அதனால் பாகில் தண்ணீர் முழுவதும் அடுப்பிலேயே போய்விட வேண்டும். கிரனோலா அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஓவனில் இருக்கப் போகிறது. மீதித் தண்ணீரை அந்தச் சூடு வெளியேற்றிவிடும். பாகு ஓட்ஸில் சீராகப் பரவுவதற்குக் கொஞ்சம் இளக்கமாக இருப்பதுதான் நல்லது. ஒற்றைக் கம்பிப் பதம் போதும்.

நான் சொன்னதை நம்பி யாராவது செய்திருந்தால் மன்னிக்கவும். பாறையைத் தூக்கிப் போடாதீர்கள், உலக்கையால் இடித்துப் பாலில் இரவு ஊறப் போட்டால் காலையில் நன்றாக இருக்கும். இப்படிச் சொல்வதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. 1863-இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் என்ற ஊரில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் தன் சிகிச்சை இல்லத்தில் முதன்முதலில் செய்தது இப்படித்தான் இருந்ததாம். முழுக்கோதுமை மாவைத் தட்டிச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டது. இரவு முழுக்க ஊறாமல் மெல்ல முடியாது. பெயர் கிரனுலா. பிறகு பேட்டில் கிரீக் என்ற ஊரில் கெல்லாக் என்ற மருத்துவர் அதே பெயரில் ஒன்று செய்ய, வழக்கு வந்து, அவர் பெயரைக் கிரனோலா என்று மாற்றிக்கொண்டார். ஓட்ஸும் எண்ணெயும் தேனும் சேர்ந்த இன்றைய கிரனோலா பரவியது அதற்கு நூறு வருஷம் கழித்து.

ஜூன் 16

கம்பிப் பதத்தில் செய்துவிட்டேன். வந்துவிட்டது! அளவு எழுதுகிறேன்.

ஓட்ஸ் 300 கிராம், அண்டிப்பருப்புத் துண்டு 75, தோல் நீக்கிய நிலக்கடலை 50, பூசணி விதை 30, எள் 20. அண்டிப்பருப்பு முழுசாக வாங்க வேண்டாம், துண்டுதான் விலையும் குறைவு, பாகும் எல்லாப் பக்கமும் பிடிக்கும். இங்கே பக்கத்து அண்டியாபீஸில் வேலை பார்க்கும் அக்காதான் எனக்கு இதைச் சொன்னவர். கருப்பட்டி 120 கிராமைத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, கண்டிப்பாக வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்கும். மறுபடி அடுப்பில் ஏற்றி, விரலில் தொட்டுப் பிரித்தால் ஒரு கம்பி வரும்போது இறக்கி, தேங்காயெண்ணெய் 70 மில்லி, அரை டீஸ்பூன் உப்பு, சுக்குப் பொடி, இரண்டு கிராம்பு இடித்தது.

நான் தவறவிட்டிருந்த படி ஒன்று உண்டு. பாகு காயும் நேரத்தில் ஓட்ஸை வெறுமனே தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஓவனில் சூடாக்கிவிட வேண்டும். சூடான ஓட்ஸில் சூடான பாகு விழுந்தால் உறைய நேரமில்லாமல் ஓடிப் பரவும்.

பிறகு 150 டிகிரியில் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம். தட்டில் அரை அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம். நடுவில் ஒரு முறை தட்டைத் திருப்பி வையுங்கள். என் சின்ன ஓவனில் பின்பக்கம் எப்போதும் முந்திச் சிவக்கும்.

ஓவனில் இருக்கும்போது தொட்டுப் பார்த்து மெதுவாக இருக்கிறதே என்று கூடுதல் நேரம் வைக்காதீர்கள். சூட்டில் பாகு இளகித்தான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் போட்டு மூன்று நிமிடம் விட்டுக் கடியுங்கள். மொறுக்கென்றால் ஓவனை அணைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். நேற்று ராத்திரி அப்படி விட்டுவிட்டு விளக்கை அணைத்தேன், ஆறும்போது தட்டில் இருந்து டப் டப் என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஜூன் 19

ஓவன் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்குமிடத்தில் ஒற்றை அடுப்புதானாம்.

தம்பி, உங்களுக்குத்தான் நான் முதலில் சொன்ன கடலை மிட்டாய்ப் பதம். அடுப்பில் செய்தால் பிறகு சூடு கிடையாது, பாகு முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். கனமான இரும்புச் சட்டியோ உருளியோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓட்ஸை மட்டும் சிறு தீயில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் கைவிடாமல் வறுங்கள். பச்சை மாவு வாசனை போய், வறுத்த கோதுமை வாசனை வர வேண்டும். பருப்புகளைத் தனியாக வறுங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் சிவக்கும். எல்லாவற்றையும் சூடாகவே ஒரு பாத்திரத்தில் மூடி வைத்துக்கொண்டு, அதே சட்டியில் பாகு. தண்ணீரில் விட்ட சொட்டு டிக்கென்றதும் எண்ணெய் ஊற்றி, தீயை அணைக்காமல் ஓட்ஸைக் கொட்டிக் கிளறுங்கள். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, கிண்ணத்தின் அடிப்பாகத்தால் அமுக்கிவிட்டு ஆறவிடுங்கள்.

அளவைப் பாதியாக்குங்கள். முழு அளவு ஒரே தடவையில் கிளற முடியாது.

ஜூன் 20

எங்கள் அத்தை இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது அவல் விளையிச்சதுதானே மக்களே, ஓட்ஸைப் போட்டுட்டு வேற பேரு சொல்லுதியோ" என்றார். அவலைப் பாகில் போட்டுக் கிளறுவதுதான் அவல் விளையிச்சது. அடுப்பு வழிமுறையைப் பொறுத்தவரை அத்தை சொல்வது சரிதான்.

ஜூலை 7

ஒரு சோதனை. என் அண்ணன் வீடு ஆரல்வாய்மொழியில். கணவாய்க் காற்று சுழன்றடிக்கிற இடம், காற்றாலைகள் அதற்காகத்தானே அங்கே நிற்கின்றன. நமக்கு மழை கொட்டும் நாளிலும் அங்கே மேகம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். போன வாரம் செய்ததில் பாதியை மயினியிடம் கொடுத்தேன். ஒரு கைப்பிடியைத் தட்டில் திறந்து வைத்து, எப்போது நமுக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

என் வீட்டில் காலை எட்டு மணிக்கு வைத்தது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தளர்ந்துவிட்டது. மயினி இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு, "இன்னும் கறுக்கு முறுக்குன்னு இருக்கு, நாளைக்குமா பார்க்கணும்?" என்றார்.

ஒரே மாவட்டம், நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. இதில் ஒரு பாடம் எனக்கு. கிரனோலா எத்தனை நாள் நிற்கும் என்று யாராவது எழுதியிருந்தால் அவர்கள் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். வறண்ட ஊர்க்காரர் ஒரு மாதம் என்பார். கடற்கரையில் திறந்த பாட்டில் ஒரு வாரம் நின்றாலே நான் சந்தோஷப்படுவேன்.

ஜூலை 9

அதனால் பெரிய டின்னில் கொட்டி வைப்பதை நிறுத்திவிட்டேன். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடிப் பாட்டில்களில், மூன்று நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் சிறிதாகப் பிரித்து நிரப்புகிறேன். ஒன்றைத் திறந்து மூடும்போது மற்றவை காற்றைப் பார்ப்பதில்லை. முழுசாக ஆறிய பிறகுதான் மூடி. இளஞ்சூட்டில் மூடினால் உள்பக்கம் வேர்த்து, அந்தத் துளிகளே போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

ஜூலை 21

அத்தை சொன்னது மனதில் கிடந்ததால் சிவப்பு அவலில் ஓவன் முறைப்படி செய்தேன். கெட்டி அவல்தான், மெல்லியது நொறுங்கிவிடும். ஓட்ஸுக்கு நாற்பது நிமிடம் என்றால் அவலுக்கு இருபதே போதும். ஓட்ஸைவிட உடையும் சத்தம் அதிகம், கனம் குறைவு. பாலில் போட்டால் சீக்கிரம் ஊறிவிடுகிறது. வெறும் வாயில் கொறிக்க அவல், பாலுக்கும் தயிருக்கும் ஓட்ஸ் என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் இரண்டையும் பாதிப் பாதி கலக்கச் சொன்னார். அதுதான் இப்போது எங்கள் வீட்டில் நிலையாகியிருக்கிறது. அவலைப் பாதி நேரம் கழித்துச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகச் சிவக்கும்.

ஆகஸ்ட் 11

கருப்பட்டி விஷயத்தில் மனசுக்குக் கஷ்டமான ஒன்று.

மழைக்காலம், வீட்டில் இருந்த கருப்பட்டி தீர்ந்துவிட்டது. வழியில் ஒரு கடையில் வாங்கினேன். பார்க்க நல்ல நிறம், சிரட்டை வடிவம், உடைத்தால் உள்ளே பளபளவென்று பொடிப் பொடியாக மின்னியது. வாசனை இல்லை. நாக்கில் வைத்ததும் வெறும் இனிப்பு, அக்கானியின் அந்தக் கரிப்பும் புகையும் துளிகூட இல்லை. சீனி கலந்து காய்ச்சியது. என் பாட்டா தினமும் பனையேறி இறங்கிய கால்களை நான் பார்த்திருக்கிறேன், நெஞ்சில் தழும்பு இருக்கும். அந்தப் பெயரில் இதை விற்கிறார்கள் என்று நினைத்தால் தாங்கவில்லை.

வாங்கியதை வீணாக்க முடியாமல் அதிலேயே கிரனோலா செய்தேன். இதையும் சொல்லாமல் மறைக்கக் கூடாது. அது நல்ல கருப்பட்டியில் செய்ததைவிட இரண்டு நாள் கூடுதலாக மொறுமொறுப்பாக நின்றது. சீனி தூய சுக்ரோஸ், காற்றின் ஈரத்தைச் சட்டென்று இழுக்காது. கருப்பட்டியில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், உப்புச் சத்துகள் எல்லாம் கொஞ்சம் கலந்திருப்பதால் இழுக்கும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும் என்பதால்தானே அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படுகிற இடத்தில் வைத்தார்கள்.

ஆக, மொறுமொறுப்பு மட்டும்தான் வேண்டும் என்றால் சீனிதான் சிறந்தது. அப்படியும் நான் கருப்பட்டியை விடப் போவதில்லை. 120 கிராமில் 30 கிராம் சீனியை நானே, தெரிந்தே, சேர்த்துக்கொள்கிறேன். 90 கிராம் நல்ல கருப்பட்டி போதும், வாசனை வீடு முழுக்க நிற்கிறது.

ஆகஸ்ட் 12

நல்ல கருப்பட்டி எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். நான் பார்ப்பது மூன்று. உடைத்த முகம் மின்னக் கூடாது, மங்கலாக இருக்க வேண்டும். மேல்புறம் ஒரே வழுவழுப்பாக இருக்கக் கூடாது. கரைத்த தண்ணீரில் அக்கானி வாசனை வர வேண்டும். சீசனில், வெயில் காலத்தில், காய்ச்சுகிற வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

செப்டம்பர் 18

மூன்று நாள் முன்னால் திருவோணம். ஓணத்துக்கு எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் ஏத்தங்காய் உப்பேரியும் (நேந்திரங்காய்ச் சிப்ஸ்) சர்க்கரைவரட்டியும் உண்டு. எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு 1956-இல் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தும் ஓணம் எங்களை விட்டுப் போகவில்லை.

இந்த வருஷம் அத்தை சர்க்கரைவரட்டி செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். வறுத்த ஏத்தங்காய்த் துண்டுகளை வெல்லப் பாகில் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தார். பாகு ஒட்டும் நிலை வந்ததும் சுக்கும் சீரகமும் அரிசிமாவும் கலந்த பொடியைத் தூவினார். அடுத்த நிமிடம் துண்டுகள் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்து, மேலே வறண்ட தோல் மாதிரி படிந்துவிட்டது. அந்தத் தோல்தான் காரியம். பாகின் மேல் ஒட்டுதல் இல்லாமல் உலர்ந்த மாவு இருக்கிறது, கையில் பிசுபிசுப்பதில்லை.

நேற்று கிரனோலாவில் முயன்றேன். பாகு கலந்த பிறகு, தட்டில் பரப்பும் முன்னால், வறுத்த அரிசிமாவு இரண்டு ஸ்பூனும் சுக்குப் பொடியும் தூவிப் புரட்டினேன். ஆறிய பிறகு கையில் எடுத்தால் பிசுக்கே இல்லை. இத்தனை மாதம் அத்தையை அருகில் வைத்துக்கொண்டு நான் எங்கெங்கோ தேடியிருக்கிறேன்.

மீந்த உப்பேரியையும் நொறுக்கிக் கடைசியில் கலந்தேன். உப்பும் இனிப்பும் சேர்ந்து பிள்ளைகள் கிண்ணத்தை வழித்துவிட்டார்கள். சக்கை (பலா) சிப்ஸும் இதற்கு நன்றாக இருக்கும், சீசன் வரட்டும்.

அக்டோபர் 20

ஐப்பசி மழை. நமுத்துப் போனதைக் கொட்டிவிட்டதாக யாரோ எழுதியிருந்தீர்கள். கொட்டாதீர்கள்! 140 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப வரும். அடுப்பில் இரும்புச் சட்டியிலும் செய்யலாம், தீ மிகச் சிறிதாக இருக்க வேண்டும். இரண்டு தடவை வரைக்கும் சரியாக இருக்கும், மூன்றாவதில் பருப்புகள் கசந்துவிடும்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்றால், நான் வைப்பதில்லை. குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்துத் திறந்த நிமிடமே இந்தக் காற்று உள்ளே போய் வேர்க்கிறது.

நவம்பர் 3

கட்டி கட்டியாக வேண்டும் என்கிறவர்களுக்கு: ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, பாகு கலந்து கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த ஓட்ஸில் புரட்டுங்கள். தட்டில் நன்றாக அமுக்கி, ஓவனில் இருக்கும்போது கிளறவே கிளறாதீர்கள். முழுசாக ஆறிய பிறகு உடையுங்கள். வெள்ளைக்கரு சூட்டில் இறுகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

நவம்பர் 4

சூடான பாகில் வெள்ளைக்கருவை ஊற்றினேன், பொரியல் ஆகிவிட்டது என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். கை பொறுக்கும் சூடு என்றேனே தங்கச்சி! ஓட்ஸில் பாகைப் புரட்டி முடித்து, ஐந்து நிமிடம் நின்று, அப்புறம் ஊற்றுங்கள்.

டிசம்பர் 22

கிறிஸ்துமஸுக்குக் கொடுக்க நாலு தட்டு செய்து முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வருஷம் பலகாரத் தட்டில் முந்திரிக்கொத்துக்கும் அச்சு முறுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பாட்டில் இதுவும் போகிறது.

கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லித்தான் கொடுக்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு மாமாவுக்குச் சர்க்கரை நோய். "கருப்பட்டிதானே போட்டிருக்கு, எனக்கு ஒண்ணும் செய்யாது" என்று கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டார். கருப்பட்டியும் சர்க்கரைதான். ரத்தத்தில் அதுவும் ஏற்றும். என் அளவில் செய்தால் 100 கிராம் கிரனோலாவில் 18 கிராம் பக்கம் கருப்பட்டியும் சீனியும் வந்துவிடும், எண்ணெயும் பத்து கிராம் இருக்கும். காலைச் சாப்பாடு என்றால் இதை ஒரு கைப்பிடி, தயிர் ஒரு கிண்ணம், ஒரு மட்டி வாழைப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம்ம மட்டிதான், அந்த மணத்துக்கு வேறு இனிப்பே தேவைப்படாது. மாமாவுக்குப் பாகே இல்லாமல் ஓட்ஸும் பருப்பும் உப்பும் மிளகும் எண்ணெயும் போட்டு வறுத்துத் தனிப் பாட்டில் கொடுத்தேன். அது நம்ம மிக்சர் மாதிரி இருக்கிறதாம், அதுவே பிடித்திருக்கிறது என்றார்.

ஜனவரி 19, 2025

குழித்துறைத் தங்கச்சி படம் அனுப்பியிருக்கிறார். அரிசிமாவுத் தோல், அவல் பாதி, திராட்சை தனி. பாட்டில் திறந்து எட்டாவது நாளாம். கடிக்கும் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்பினார், கேட்டேன். நல்ல மொறுக்கு.

கூடவே ஒரு கேள்வி: தேனை அடியோடு விட்டுவிட வேண்டியதுதானா, வீட்டிலேயே பெட்டி வைத்திருக்கிறோமே என்று. மார்த்தாண்டம் பக்கத்துக்காரருக்குத் தேனைத் தொடாதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களில் மார்த்தாண்டத்தில் கிராம மேம்பாட்டு வேலை தொடங்கிய காலத்திலிருந்து அங்கே வீட்டுக்கு வீடு தேன்பெட்டி. யோசித்துச் சொல்கிறேன்.

பிப்ரவரி 23

யோசித்தேன், செய்தும் பார்த்தேன்.

ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கிற நேரம் இது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதைவிட இளந்தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்துதான் அதிகம் வருகிறது. குலசேகரத்தில் தெரிந்தவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோ வாங்கி வந்தேன். இந்தத் தேன் சீக்கிரம் உறைந்து சீனி மாதிரி படியும், குளுக்கோஸ் அதிகம். அதனால் மற்றத் தேனைவிடக் குறைவாக இளகுமோ என்று ஒரு ஆசை. கருப்பட்டியில் பாதியைக் குறைத்து இதை ஊற்றிச் செய்தேன். 150 டிகிரியில் இருபத்தைந்தாவது நிமிடமே கருக்கத் தொடங்கியது, தேன் சீக்கிரம் சிவக்கும். 130-க்குக் குறைத்து ஒரு மணி நேரம் வைத்தேன். ருசி அருமை. மாசி வெயிலில், மழையே இல்லாத வாரத்தில், மூன்றாம் நாள் ஒட்டத் தொடங்கிவிட்டது.

மீதி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பாட்டிலில் இருக்கிறது. இன்று காலை கிண்ணத்தில் தயிர், மேலே ஒரு கைப்பிடி பழைய கருப்பட்டிக் கிரனோலா, அதற்கும் மேலே, ஸ்பூனை எடுக்கும் நேரத்தில், ஒரு கோடு தேன். தேன் ஓட்ஸுக்குள் இறங்கும் முன்னே சாப்பிட்டு முடித்துவிட்டேன். தங்கச்சி, உங்கள் பெட்டித் தேனை இப்படி ஊற்றுங்கள்.